ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே அட்டாரி இல்லை

டிவியில் இணைத்து ஆடும் பழைய அட்டாரி 2600 கன்சோலுக்காக வாரன் ராபினெட் எழுதிய 'அட்வென்ச்சர்' விளையாட்டில் ஒரு ரகசிய அறை உண்டு. கண்ணில் படவே படாத ஒரு பிக்சல் புள்ளியைத் தேடிப் பிடித்து, அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் சுவர் வழிவிடும். உள்ளே போனால் அவருடைய பெயர் நிறம் மாறி மாறி மின்னும். அட்டாரி அப்போது புரோகிராமர்களின் பெயரை எங்கேயும் போடுவதில்லை, அதனால் நிறுவனத்துக்கே தெரியாமல் அவர் ஒளித்து வைத்த கையெழுத்து அது. பிறகு 2002-இல் ஜாக்ஸ் பசிபிக் என்ற பொம்மை நிறுவனம் அட்டாரி ஜாய்ஸ்டிக்கின் வடிவத்திலேயே ஒரு பிளக் அண்ட் பிளே கருவியை வெளியிட்டது. மொத்தம் 10 விளையாட்டுகள், அவற்றில் அட்வென்ச்சரும் ஒன்று. அதில் அதே புள்ளியை எடுத்துக்கொண்டு அதே அறைக்குள் நுழைந்தால், ராபினெட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டெக்ஸ்ட்?' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்தான் நிற்கிறது, கேள்விக்குறியோடு.

இந்த வகைக் கருவிகளைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. ஒரு ஜாய்ஸ்டிக், அதன் அடியில் 4 பேட்டரி, டிவியின் பின்பக்கம் செருக மஞ்சள் பின் வைத்த ஒயர், அவ்வளவுதான். கன்சோல் வேண்டாம், அதில் செருகும் விளையாட்டுப் பெட்டியான கார்ட்ரிட்ஜ் வேண்டாம். ஆனால் 'பழைய விளையாட்டு அப்படியே உள்ளே இருக்கிறது' என்று பெட்டியின் மேல் போட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல கருவிகளில் ஓடுவது பழைய விளையாட்டைப் பார்த்துப் பார்த்து வேறொருவர் புதிதாக எழுதியது. எது அசல், எது திரும்ப எழுதியது என்று தெரிந்துகொண்டு விளையாடினால்தான் அந்தப் பழைய புரோகிராமர்கள் என்ன செய்தார்கள் என்பதே நமக்குப் புரியும். எனக்கு இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, அந்த அட்டாரி ஜாய்ஸ்டிக்கைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு சிறிய சர்க்யூட் பலகை, அதன் மேல் கறுப்புப் பொட்டு வைத்தது போல ஒரு எபாக்சி சொட்டு. சிப்பைத் தனி உறையில் அடைத்துக் கால்கள் வைத்து விற்பதற்குச் செலவு கூடும் என்பதால், சிலிக்கன் துண்டை நேராகப் பலகையில் ஒட்டி, மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே பசையை ஊற்றி மூடிவிடுவார்கள். பொம்மைகளில் இது சர்வசாதாரணம். அந்தச் சொட்டுக்குக் கீழே இருப்பது அட்டாரியின் சிப் கிடையாது, நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலை ஒரே சிப்பில் நகலெடுத்த வடிவம்.

இது எப்படி நடந்தது என்பது சுவாரசியமான கதை. ஃபேமிகாம் 1983-இல் ஜப்பானில் வெளிவந்தது, மற்ற நாடுகளுக்கு என்இஎஸ் என்ற பெயரில் போனது. ரிக்கோ நிறுவனம் செய்த இரண்டு முக்கியமான சிப்கள் அதில் இருந்தன. ஒன்று கணக்கும் ஒலியும் பார்த்துக்கொள்ளும், மற்றொன்று படம் வரையும். தைவானைச் சேர்ந்த சிப் தயாரிப்பாளர்கள் இவற்றை நகலெடுத்தார்கள், நாளடைவில் இரண்டையும் சேர்த்து ஒரே சிலிக்கன் துண்டில் அடக்கிவிட்டார்கள். இந்த நகல்கள் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் போனதால் விலை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, 2000-களின் தொடக்கத்தில் ஃபேமிகாமின் காப்புரிமைகளும் காலாவதியாகத் தொடங்கின. ஆக, டிவியில் படம் காட்டத் தெரிந்த மிக மலிவான சிப் வேண்டும் என்று ஒரு பொம்மை நிறுவனம் தேடினால் கையில் கிடைத்தது இதுதான். அட்டாரி விளையாட்டானாலும் சரி, இன்டெலிவிஷன் என்ற இன்னொரு பழைய கன்சோலின் விளையாட்டானாலும் சரி, அடியில் ஓடுவது ஃபேமிகாம் நகல். 2003-இல் டெக்னோ சோர்ஸ் வெளியிட்ட 25 இன்டெலிவிஷன் விளையாட்டுகள் கொண்ட கருவியும் இதே வகைதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். அட்டாரி 2600, ஃபேமிகாம் இரண்டுமே 6502 என்ற ஒரே செயலிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அப்புறம் ஏன் அட்டாரியின் நிரலை அப்படியே எடுத்து இதில் ஓட்ட முடியாது? காரணம், படம் வரையும் விதம். அட்டாரி 2600-இல் திரையின் படத்தைச் சேமித்து வைக்க இடமே கிடையாது, மொத்த நினைவகமே 128 பைட்தான். டிவியின் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு வரியாக இடமிருந்து வலமாக ஓடும்போது, நிரலும் அதன் கூடவே ஓடி, இந்த வரியில் என்ன நிறம், எந்த இடத்தில் புள்ளி என்று அந்தந்தக் கணத்தில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு வரிக்கு 76 செயலிச் சுழற்சிகள்தான் அவகாசம், கொஞ்சம் தாமதித்தாலும் படம் கலைந்துவிடும். வன்பொருள் கொடுப்பதோ இரண்டு வீரர் உருவங்கள், இரண்டு ஏவுகணைகள், ஒரு பந்து, கரடுமுரடான ஒரு பின்னணி, இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அந்தப் புரோகிராமர்கள் திரையில் காட்டிய ஒவ்வொன்றும் இந்த 76 சுழற்சிகளுக்குள் திருடிப் பிடித்த வித்தை.

ஃபேமிகாம் முற்றிலும் வேறு மாதிரி. அதற்கென்று 8-க்கு 8 பிக்சல் ஓடுகள், அதாவது சின்னச் சின்னப் படத் துண்டுகள் உண்டு, அவற்றைப் பரப்பிப் பின்னணி அமைக்கலாம். மேலே ஸ்பிரைட் எனப்படும் நகரும் உருவங்களை 64 வரை நகரவிடலாம், ஒரு வரியில் 8 வரைதான் தெரியும் என்பது மட்டும் கட்டுப்பாடு. கற்றையோடு ஓட வேண்டிய அவசியமே இல்லை, சிப் தானே வரைந்துகொள்ளும். ஆகவே அட்டாரியின் நிரல் இதில் பேசுவதற்கு ஆளே இல்லாமல் போய்விடுகிறது. வழி ஒன்றுதான்: அசல் விளையாட்டைப் பார்த்து, ஒலியைக் கேட்டு, வேகத்தைக் கணித்து, முழுவதையும் திரும்ப எழுதுவது. அதுவும் பொம்மைச் சந்தையின் அவசரத்தில்.

இதில் எதை இழக்கிறோம் என்பதற்கு அதே 10 விளையாட்டுகளில் இருக்கும் 'யார்ஸ் ரிவெஞ்ச்' நல்ல உதாரணம். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா எழுதி 1982-இல் வந்தது. திரையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வண்ணப் பட்டை சடசடவென்று மின்னிக்கொண்டே இருக்கும், அதற்குள் புகுந்துகொண்டால் நாம் ஓட்டும் ஈக்கு ஓரளவு பாதுகாப்பு. அந்தப் பட்டைக்கென்று தனியாகப் படம் வரைந்து வைக்க கார்ட்ரிட்ஜில் இடமில்லை. வார்ஷா என்ன செய்தார் தெரியுமா, விளையாட்டின் சொந்த நிரலையே, அதன் பைட்களையே எடுத்துத் திரையில் படமாக வீசிவிட்டார். நாம் பார்க்கும் மினுமினுப்பு அந்த விளையாட்டின் குடல்தான்! வேறு சிப்புக்காகத் திரும்ப எழுதும்போது பட்டையைக் கொண்டுவந்துவிடலாம், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் தன்னையே திரையில் விரித்துக் காட்டும் அந்த நிரல் அங்கே இல்லை, அதன் இடத்தில் இருப்பது ஒப்பனை.

இதற்காகத் திரும்ப எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. குறைந்த அவகாசத்தில், தங்கள் பெயர்கூட வராத வேலையில், அவர்கள் செய்தது பெரிய உழைப்பு. குறை சொல்ல வேண்டியது 'அசல்' என்ற சொல்லை அவ்வளவு தாராளமாகப் பெட்டியில் அச்சடித்ததைத்தான்.

கருவியின் கைப்பிடியும் விளையாட்டின் பாதி. இதைப் பலர் கவனிப்பதில்லை. 'பிரேக்அவுட்' விளையாட்டு ஜாய்ஸ்டிக்குக்காக எழுதப்படவில்லை, பேடில் என்ற திருகு குமிழுக்காக எழுதப்பட்டது. குமிழைக் கொஞ்சம் திருகினால் மட்டை கொஞ்சம் நகரும், வெடுக்கென்று திருகினால் திரையின் அந்தப் பக்கத்துக்கே பாயும். ஜாக்ஸின் அந்த 10 விளையாட்டுக் கருவியில் பிரேக்அவுட்டை ஜாய்ஸ்டிக்கால் ஆட வேண்டும். இடம், வலம், ஒரே வேகம். பந்து தூர மூலைக்குப் போகும்போது மட்டை போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். விளையாட்டின் விதி மாறவில்லை, ஆனால் அது வேறு விளையாட்டு. நல்லவேளையாக அதே நிறுவனம் 2004-இல் பேடில் வடிவத்திலேயே இன்னொரு கருவியைச் செய்தது, 13 விளையாட்டுகளோடு. அதை எடுத்துத் திருகிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேக்மேன் விஷயத்தில் சிக்கல் வேறு. காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தின் ஜாய்ஸ்டிக் நான்கு திசைகளுக்கு மட்டும் போகும்படி தடுக்கப்பட்டிருக்கும். எட்டுத் திசைக்கும் சாயும் குச்சியைக் கொடுத்தால், மூலையில் திரும்பும்போது கை குறுக்காகச் சாய்ந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் பேக்மேன் நேராகப் போய்ப் பேயிடம் மாட்டும். திரையிலும் தகராறு. ஆர்கேட் பேக்மேனின் படம் 224 பிக்சல் அகலம், 288 உயரம், அதாவது நெட்டுக்குத்தாக நிற்கும் திரை. வீட்டு டிவியோ படுத்த திரை, அதில் சுமார் 240 வரிகள்தான் கிடைக்கும். புதிர்ப்பாதையை அமுக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளிக் கணக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். பிளக் அண்ட் பிளே பேக்மேன் எதை எடுத்தாலும் பாதையின் நீள அகலத்தில் ஏதோ ஒன்று இடிப்பதற்குக் காரணம் இதுதான். கைப்பிடி விஷயத்தில் ஜாக்ஸின் மிஸ் பேக்மேன் கருவியை மட்டும் பாராட்டியே தீர வேண்டும். அதில் 'போல் பொசிஷன்' கார் பந்தயமும் இருந்தது, அதற்காக ஜாய்ஸ்டிக்கின் தலையையே ஸ்டியரிங் மாதிரி திருகலாம் என்று செய்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது கையில் எடுத்ததுமே தெரியும்.

அடுத்து, வேறு வழியில் போன இருவர். ஜெரி எல்ஸ்வொர்த் பள்ளிப்படிப்பை முடிக்காமல், சிப் வடிவமைப்பைத் தானாகவே கற்றுக்கொண்டவர். 1982-இல் வந்த கமோடோர் 64 கணினியின் செயலி, படம் வரையும் சிப், எஸ்ஐடி என்ற ஒலிச் சிப் எல்லாவற்றின் நடத்தையையும் ஆராய்ந்து, அதே மாதிரி நடந்துகொள்ளும் ஒரே சிப்பை வடிவமைத்தார். 2004-இல் அது சி64 டிடிவி என்ற பெயரில், ஒரு ஜாய்ஸ்டிக்குக்குள் 30 விளையாட்டுகளோடு வந்தது. கியூவிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனைச் சேனலில் ஒரே நாளில் 70,000 கருவிகள் விற்றதாக அப்போது செய்தி வந்தது. இதில் பழைய நிரல்கள் நிரல்களாகவே ஓடுகின்றன, யாரும் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. முழுக்க முழுக்க அசல் என்றும் சொல்லிவிட முடியாது. எஸ்ஐடி சிப்பின் ஒலி வடிகட்டிகள் இதில் இல்லாததால், அவற்றை நம்பி எழுதிய சில இசைத் துணுக்குகள் தட்டையாக ஒலிக்கும்.

ஆனால் எனக்கு அவர்மீது மரியாதை வந்தது வேறு காரணத்துக்காக. விசைப்பலகையையும் டிஸ்க் டிரைவையும் இணைப்பதற்கான தொடுபுள்ளிகளை அந்தப் பலகையில் வேண்டுமென்றே விட்டு வைத்தார். பொம்மைக்கு அது தேவையே இல்லை, வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கப்போவதும் இல்லை. சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்த ஒருவர் நான்கைந்து ஒயர்களை ஒட்டினால், கையில் இருக்கும் பொம்மை ஒரு முழுக் கணினியாகிவிடும். அதற்குக்கூடப் போக வேண்டாம், கருவியை இயக்கும்போது ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் பேசிக் என்ற நிரல் மொழியின் திரையும், குச்சியால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் விசைப்பலகையும் வந்து நிற்கும்.

இன்னொருவர் கர்ட் வெண்டல். அட்டாரி நிறுவனத்துக்காக 2004-இல் 'ஃபிளாஷ்பேக்' என்ற சிறிய கன்சோலைச் சுமார் 10 வாரத்தில் செய்து கொடுத்தவர். அவ்வளவு குறைந்த அவகாசத்தில் வேறு வழியில்லாமல் அதிலும் ஃபேமிகாம் நகல் சிப்தான் போனது, ரசிகர்கள் கண்டுபிடித்துக் குமுறினார்கள். அடுத்த ஆண்டே ஃபிளாஷ்பேக் 2 வந்தது. இந்த முறை அட்டாரி 2600-இன் சுற்றுகளையே புதிய சிப் ஒன்றில் திரும்பக் கட்டியிருந்தார். கற்றையோடு ஓடும் அந்தப் பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடின. பழைய கார்ட்ரிட்ஜ்களைச் செருக ஓர் இணைப்பான் பொருத்த வேண்டுமானால் எங்கே ஒட்டுவது என்று பலகையிலேயே குறித்தும் வைத்திருந்தார்.

இவர்கள் செய்த வேலை ஏன் தொடரவில்லை என்றால், செயலிகள் அவ்வளவு மலிவாகிவிட்டன. லினக்ஸ் ஓட்டும் அளவுக்கு ஒரு சிறு கணினியையே பொம்மைக்குள் வைத்துவிடலாம், அதில் பழைய கன்சோல் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளைப் போட்டால், அசல் ரோம், அதாவது கார்ட்ரிட்ஜில் இருந்த நிரலின் நகல், அப்படியே ஓடும். நின்டெண்டோவே 2016-இல் 30 விளையாட்டுகளோடு விட்ட என்இஎஸ் கிளாசிக் இப்படித்தான், உள்ளே நான்கு கோர் ஏஆர்எம் செயலி. எமுலேட்டர் என்றால் கவலையில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். சோனியின் பிளேஸ்டேஷன் கிளாசிக் 2018-இல் வந்தபோது, 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 60 படத்துக்கு, பழகிய அமெரிக்காவில் விற்ற கருவியிலும் 20-இல் 9 விளையாட்டுகளுக்கு ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் பதிப்பைப் போட்டிருந்தார்கள். 'டெக்கன் 3' மாதிரி சண்டை விளையாட்டு அதில் ஓடினால், ஆடிப் பழகிய கைக்கு உடனே தெரிந்துவிடும். எந்த ரோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒருவர் அக்கறை எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை இது.

உரிமமே வாங்காமல் வந்த கூட்டத்தையும் சொல்ல வேண்டும். பவர் பிளேயர் சூப்பர் ஜாய் போன்றவை நின்டெண்டோ 64-இன் கைப்பிடி வடிவத்தில் வந்தன, உள்ளே இருந்தவை ஃபேமிகாம் விளையாட்டுகள். 76 விளையாட்டுகளை வேறு வேறு கட்டத்தில் தொடங்கவிட்டு 76,000 என்று கணக்குக் காட்டினார்கள். சிப்பின் காப்புரிமை முடிந்தாலும் விளையாட்டின் பதிப்புரிமை முடிவதில்லை, அதனால் நின்டெண்டோ வழக்குகளோடு பின்தொடர்ந்தது. அமெரிக்காவில் எஃப்பிஐ சோதனை வரை போனது.

இப்போது இந்தக் கருவி ஒன்று கையில் கிடைத்தால் அடுத்த தலைவலி டிவி. பழைய கன்சோல்களும் அவற்றின் நகல்களும் நொடிக்கு 60 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 240 வரிகளை அனுப்பும். பிக்சர் டியூப் டிவி அதை வந்த வேகத்தில் அப்படியே காட்டிவிடும். இன்றைய எல்இடி டிவிகள் பல, இதை இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பும் 480 வரிப் படம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைத்து, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும். அதற்குள் பட்டனை அமுக்கியதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையே உணரக்கூடிய தாமதம் விழுந்துவிடுகிறது. 1982-இல் வந்த அட்டாரி 2600 பேக்மேனில் நான்கு பேய்களையும் ஒரே சமயத்தில் காட்ட முடியாமல், ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முழுத் திரைப் படத்துக்கு, ஒன்று என்று மாறி மாறிக் காட்டினார்கள். பழைய டிவியில் அது மினுக்கலாகத் தெரிந்தது. புதிய டிவி தைக்கிற தையலில் பேய்கள் சீப்புப் பல் போலக் கோடு கோடாக வரலாம், சில சமயம் ஒன்றிரண்டு காணாமலே போகலாம். கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் டிவியில் படத்தைப் பதப்படுத்தும் வேலையைக் குறைக்கும் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள், தாமதம் கணிசமாகக் குறையும். துப்பாக்கி வைத்த கருவிகளில் பெரும்பாலானவை பிக்சர் டியூபின் கற்றையை நம்பி வேலை செய்தவை, அவை எல்இடி திரையில் சுடவே சுடாது.

வாங்குவதென்றால் என் தேர்வு இது: ஃபிளாஷ்பேக் 2, சி64 டிடிவி, ஜாக்ஸின் பேடில் கருவி. முதல் இரண்டும் பழைய நிரல்களையே ஓட்டுபவை, மூன்றாவது கைப்பிடியால் உண்மையாக இருப்பது.

இந்தத் திரும்ப எழுதிய பதிப்புகளையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. அவை வேறு எங்கேயும் வெளிவராத தனி நிரல்கள், எழுதியவர்கள் யார் என்றுகூடப் பல கருவிகளில் பதிவு இல்லை. பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பாதுகாக்கும் மேம் எமுலேட்டர் திட்டத்தில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாக இந்தப் பொம்மைகளைப் பிரித்து உள்ளே இருக்கும் நிரலைப் படியெடுத்து வருகிறார்கள். நிரலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப் தனியாக இருந்தால் வேலை எளிது. நிரல் எபாக்சி சொட்டுக்குள் செயலியோடு சேர்ந்தே இருந்தால், அமிலத்தால் பசையைக் கரைத்து, சிலிக்கனை நுண்ணோக்கியில் படமெடுத்து, பிட் பிட்டாகப் படிக்க வேண்டிய நிலைமைகூட வரும். அதற்குக் கருவி முதலில் உயிரோடு இருக்க வேண்டும். அலமாரியில் ஒன்று கிடக்கிறதென்றால் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பல வருடம் உள்ளேயே விட்ட அல்கலைன் பேட்டரி கசிந்து, வெள்ளைப் பொடி பூத்து, தகடுகளை அரித்துக்கொண்டிருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு, கொஞ்சம் வினிகர் தொட்ட பஞ்சால் தகட்டைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, பேட்டரி போடாமலே எடுத்து வையுங்கள்.